இரைச்சலை அடக்கிய பெட்டி

அப்பாவின் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. தலைக்கு மேலே ஃபேன் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பார்க்க வந்த மகளுக்கு வந்ததே கோபம். பழப் பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, பக்கத்து அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

உள்ளே தம்பி மனைவி மைக் முன்னால் பாடப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புகிற வேலை. தம்பிக்கு வேலை போனதிலிருந்து அதில்தான் குடும்பம் ஓடுகிறது.

"வாங்க அண்ணி" என்று ஹெட்போனைக் கழற்றினாள்.

"வர்றது இருக்கட்டும். அங்க ஒரு மனுஷன் வெந்துகிட்டிருக்கார். கரண்ட்டை மிச்சம் பிடிச்சு என்ன கோட்டையா கட்டப் போற?"

"ஐயோ, மாமாதான் காத்து பட்டா மூட்டு வலிக்குதுன்னு..."

"நல்லா கதை விடு. ஃபேன் இல்லாம அவருக்குத் தூக்கமே வராது. பெத்த பொண்ணா இருந்தா இப்படி விடுவியா? அது என்ன, புதுசா ஒரு பெட்டி?"

"மைக் ஒயர்ல கொர்ருனு ஒரே இரைச்சல் அண்ணி. வேலையே போயிருக்கும். இதை நடுவுல மாட்டினதும் சுத்தமா நின்னுடுச்சு."

"ஓஹோ. பெட்டி வாங்கக் காசு இருக்கு. ஃபேன் போடத்தான் மனசு இல்ல."

விடுவிடுவென்று திரும்பி வந்து அலமாரியைத் திறந்தாள். அப்பாவின் சட்டைகளை வாரிப் பையில் திணித்தாள்.

"கிளம்புங்கப்பா. இனிமே ஒரு நிமிஷம் இங்க இருக்க வேணாம்."

பின்னாலேயே வந்த மருமகள் கண் கலங்கி, தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

அப்பா எழுந்து கதவைச் சாத்தினார்.

"கத்தாத. ஃபேனை நிறுத்தினது நான். மூட்டு வலின்னு பொய் சொன்னதும் நான்தான்."

"எதுக்கு?"

"இந்த ஃபேன் ஓடினாதான் அவ மைக்ல இரைச்சல் வருது. அவ பெட்டியை மாட்டின நேரம், நான் தற்செயலா ஃபேனை நிறுத்தியிருந்தேன். 'போயிடுச்சு மாமா'ன்னு ஓடி வந்து சொன்னா. மறுபடி போட்டதும் 'ஐயோ, திரும்ப வருதே'ன்னு உள்ளேருந்து அவ குரல்; சட்டுன்னு நிறுத்தினேன், பெட்டியைச் சரியா மாட்டலன்னு அவ நினைச்சுக்கிட்டா. அப்பதான் எனக்கே புரிஞ்சுது. ஒயரிங்கை மாத்தச் சொன்னா வீட்டுக்காரர் காதுலயே வாங்கல."

"அதை அவகிட்ட வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, அடுத்த நிமிஷமே ஃபேனைப் போட்டுட்டு வேலையை விட்டுடுவா. என் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?"