நேர்க்கோட்டில் எழுபது நிமிஷம்

"பஸ்லயா போகப் போறீங்க? எட்டு மணி நேரம் ஆகுமே சம்பந்தி" என்றேன்.

போனில் என் பெண்ணின் மாமனார். கண்ணாடிக் கடைக்காரர். எங்கள் இருவருக்கும் ஒரே ஊர். மகளும் மருமகனும் இருப்பது வேறு ஊரில். அன்று விடிகாலை அங்கே எங்களுக்குப் பேத்தி பிறந்திருந்தாள்.

"பிளேன்ல எனக்குக் காது அடைச்சுக்கும். நீங்க அதுல வாங்க" என்றார்.

"ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது. ஆகாசத்துல நேர்க்கோடு. எழுபதே நிமிஷம்."

கணக்கு வாத்தியாராக இருந்தவன், விளக்காமல் விடுவேனா?

"அப்ப பேத்தியை முதல்ல தூக்கறது நான்தான். இப்பவே சொல்லிட்டேன்."

"தாராளமா தூக்குங்க" என்று சிரித்தார். அவருக்கு இது ஐந்தாவது பேரப்பிள்ளை. எனக்கு முதல்.

இருவரும் ஒரே நேரத்தில்தான் வீட்டை விட்டுக் கிளம்பினோம்.

நேர்க்கோட்டில் ஒரு குறையும் இல்லை. அதன் இரண்டு முனைகள்தான் என்னைப் படுத்தி எடுத்தன.

விமான நிலையம் ஊருக்கு வெகு வெளியே. அங்கே பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். விமானம் நாலு மணி நேரம் தாமதம். ஒரு வழியாக அது மேலே கிளம்பியதும், ஜன்னல் வழியே கீழே ஊர்ந்துகொண்டிருந்த பஸ்களைப் பார்த்து சம்பந்திக்காக உச்சுக் கொட்டினேன்.

இறங்கினால் பெட்டி வரவில்லை. பெட்டி வந்தால் டாக்ஸி நகரவில்லை.

ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி, அறைக்குள் நுழைந்தேன்.

"சம்பந்தி வந்துட்டாரா?"

"இன்னும் இல்ல. முதல்ல உட்கார்ந்து மூச்சு விடுங்க" என்றாள், முன்பே வந்திருந்த என் மனைவி.

பேத்தியைக் கையில் வாங்கினேன். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பிளேன், பஸ் எல்லாம் மறந்தே போயிற்று.

கால் மணி கழித்து சம்பந்தி வந்தார். "வழியில பஸ் நின்னுடுச்சு" என்றார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றேன். பெருந்தன்மையாக, காபி வாங்கித் தருவதாகச் சொல்லி கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். தூரம், வேகம், நேரம் மூன்றையும் மேஜைமேல் விரலால் கோடு போட்டு விளக்கினேன். அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

காபி கொண்டுவந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. சம்பந்தியிடம் கேட்டார்:

"என்ன சார், ரெண்டு மணி நேரமா இங்கயே உட்கார்ந்திருந்தீங்களே... 'மருமகளோட அப்பா முதல்ல தூக்கட்டும், அப்புறம் மேல போறேன். பாவம், அவர் பிளேன்ல வர்றார், லேட்டாகும்'னீங்களே, வந்துட்டாரா?"