பெட்டிக்கு மேலே

ஒரே ஒரு ஊரிலே, ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையிலே, ஒரு இரும்புப் பெட்டி இருந்ததாம். அதற்குள்ளே கையால் தொட முடியாத மெய்நிகர் சர்வர் ஒன்று குடியிருந்தது. நாலாயிரம் பிள்ளைகளின் மதிப்பெண்களை அதுதான் காத்துவந்தது. வயதாகிவிட்டதால் எல்லோருக்கும் அது பெருசு.

அதைப் பராமரிக்கும் நாவரசு, ஒருநாள் புதுப் பாதுகாப்பு அப்டேட் போட வந்தான்.

"சார், போடும்போது நான் கெட்டுப்போயிட்டா? பிள்ளைங்க மார்க்கெல்லாம் என்னாகும்?" என்றது பெருசு.

"பயப்படாதே பெருசு. உன்னை மாதிரியே ஒரு நகல் எடுத்து வச்சிருக்கேன்."

"எங்கே?"

"இதே பெட்டியிலதான்."

சுவரில் இருந்த பல்லி உச்சுக் கொட்டியது. "தம்பி, மேலே ஏசி சொட்டிக்கிட்டே இருக்கு. பெட்டிக்குள்ள தண்ணி இறங்கினா பெருசும் போச்சு, நகலும் போச்சு."

நாவரசுக்கு முகம் சுருங்கிவிட்டது. உடனே நகலைத் தனியாக ஒரு டிஸ்கில் ஏற்றினான். 'மிக மிக முக்கியம்' என்று எழுதி அதன்மேல் ஒட்டினான். கீறல் விழக்கூடாதென்று கைக்குட்டையை விரித்து அதன்மீது பதமாக வைத்தான். வெளியே போய்க் கதவைப் பூட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்தான்.

உள்ளிருந்து பெருசு கேட்டது: "பல்லியக்கா, டிஸ்கை எங்கே வச்சார்?"

"உன் பெட்டிக்கு மேலேதான்" என்றது பல்லி.

கைக்குட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. நாவரசு சீட்டியடித்தபடி படியிறங்கிப் போனான்.