மணல்திட்டில் ஒரு குழி

பொக்லைன் மண்ணைக் கொட்டும் ஒவ்வொரு முறையும் அம்மா குனிந்து பார்க்கிறாள். கிளிஞ்சல், அறுந்த வலை, ஒரு பாட்டில் மூடி. ஒன்பது வருடத்துக்கு முன் இந்த இடம் கடல். மகனின் படகு கவிழ்ந்தது இங்கேதான், உடல் கிடைக்கவில்லை. பிறகு அலைகள் தள்ளிய மணல் கரையிலிருந்து வருடா வருடம் நீண்டு, வளைந்து, இந்த இடத்தையும் மூடிவிட்டது. இப்போது விடுதி கட்டுகிறார்கள். வண்ணக் குடைகளுக்கு அருகே யாரோ பந்தை உதைத்துச் சிரிக்கிறார்கள்.

"என்னம்மா, புதையலா தேடுற?" என்கிறான் கம்பி கட்டுபவன்.

"வாய மூடுடா" என்கிறார் பொக்லைன் ஓட்டுநர். அவர் மண்ணைக் குவிக்காமல் அவளுக்காகப் பரப்பிக் கொட்டுகிறார். இடுப்பளவு ஆழம் தோண்டியதும் இயந்திரம் நிற்கிறது.

"அளவு முடிஞ்சுதும்மா."

"இன்னும் கொஞ்சம் தோண்டுப்பா. அப்போ இங்க ரெண்டு ஆள் ஆழம் இருந்துச்சு."

"அவ்வளவு தோண்ட விடமாட்டாங்கம்மா."

குழியின் அடியில் தண்ணீர் கசிகிறது. கான்கிரீட் லாரி பின்பக்கமாக வந்து நிற்கிறது. அம்மா நகர்ந்து வழிவிடுகிறாள். பிறகு பொக்லைன் ஓட்டுநரைப் பார்த்துச் சொல்கிறாள்.

"மெதுவா ஊத்தச் சொல்லுப்பா."