நாலு லட்சம் பேரின் கையெழுத்து

எழுத்துப் பயிற்சி ஆய்வகம் ஊரெல்லாம் தேடிக் கடைசியில் குமுதினியின் கையெழுத்தைத்தான் பொறுக்கி எடுத்தது. மணிக்கட்டில் ஒரு பட்டையை ஒரு வாரம் கட்டிக்கொண்டால் போதும், யாருக்கானாலும் அதே கையெழுத்து வந்துவிடும். இதுவரை நாலு லட்சம் பேர் கட்டியிருந்தார்கள். அவளுடைய அலுவலகத்திலேயே பியூன் முதல் மேனேஜர் ரத்தினசபாபதி வரை எல்லோரும் குமுதினி மாதிரிதான் எழுதினார்கள்.

அந்தத் துணிச்சலில்தான் மேனேஜருக்கு மொட்டைக் கடிதம் போட்டாள். பெண்கள் கழிவறைக்கு ஒரு வருடமாகத் தாழ்ப்பாள் இல்லை, உங்கள் அறைக்கு மட்டும் இரண்டு எதற்கு என்று கேட்டிருந்தாள்.

மறுநாளே அவர் கூப்பிட்டார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"நாலு லட்சம் பேர் இப்படித்தான் எழுதுறாங்க சார். நீங்களும்தான்."

"பட்டை எழுத்தை மட்டும்தாம்மா கத்துக்குடுக்குது. உச்சியில பிள்ளையார் சுழி போடக் கத்துக்குடுக்கல. இந்த ஆபீஸ்ல லீவு லெட்டருக்கும் சுழி போடுறது நீங்க ஒருத்தர்தான்."

ராமநாதபுரத்துக்கு மாற்றல் நிச்சயம் என்று குமுதினிக்கு வேர்த்துவிட்டது. அவரோ சிரித்தார்.

"பிள்ளையாரையே சாட்சிக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க. சாயங்காலத்துக்குள்ள தாழ்ப்பாள் வந்துடும், போங்க."

வந்தது. அடுத்த வாரம், ஓடாத மின்விசிறிக்காக இன்னொரு மொட்டைக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கை தானாகப் போய்ச் சுழி போட்டது. கிழித்தாள். மறுபடியும் போட்டது. நான்காவது தாளில், சுழி இருந்துவிட்டுப் போகட்டும் என்று கடிதத்தை முடித்து, கீழே தன் பெயரையும் எழுதினாள்.