மேற்குப் பக்கச் செங்கல்

மேற்குப் பக்கச் செங்கல்லுக்கு அடியில் நாகேஸ்வரன் ஒரு ஓட்டுச் சில்லைச் செருகினார்.

அவர் மனைவி பாகீரதி அரிசி களைய உள்ளே போயிருந்தாள். ஸ்ரீவராகம் தெரு முழுக்கப் பெண்களும் செங்கல் அடுப்புகளும்தான். ஒரு கிழவர் குனிந்து நிமிர்வதை யாரும் கவனிக்கவில்லை.

பானை லேசாகக் கிழக்கே சாய்ந்து நின்றது. போதும்.

ஆற்றுக்கால் அம்மனுக்குப் பெண்கள் தெருவிலேயே பொங்கலிடும் இந்தப் பொங்காலையில் பானை கிழக்கே வழிந்தால் நினைத்தது நடக்கும், தெற்கே வழிந்தால் கஷ்டம் தீராது என்பார்கள். நாகேஸ்வரன் பொறியியல் கல்லூரியில் முப்பது வருடம் வெப்பவியல் நடத்தியவர். இதைச் சொல்லியே வகுப்பைச் சிரிக்க வைத்தவர்.

இந்த வருடம் சிரிப்பு வரவில்லை. பாகீரதியின் இதயத்தில் ஒரு வால்வு பழுது. மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. நாகேஸ்வரன் புள்ளிவிவரம் சொன்னார், படம் வரைந்து காட்டினார், கத்தினார். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்: பொங்காலை கழியட்டும்.

பானை எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்துத்தான் சம்மதிப்பாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மனைவியிடம் தோற்றாயிற்று. பானையை ஜெயித்துவிடலாம்.

பத்தரைக்குக் கோயில் அடுப்பில் மூட்டிய தீ, அடுப்பு அடுப்பாகக் கைமாறி அவர்கள் வாசலுக்கு வந்தது.

புகை. கண்ணெரிச்சல். அரிசி நுரைத்து விளிம்புவரை ஏறியது.

அப்போது பார்த்துக் காற்று திரும்பியது. தீ முழுக்க வடக்கே ஒதுங்க, நுரை தெற்கே கொட்டியது.

"தெக்கோட்டாக்கும் மாமி போகுது," என்றாள் பக்கத்து அடுப்பில் நின்ற பொன்னம்மை. பாறசாலையிலிருந்து வருடம் தவறாமல் வந்து இவர்கள் வாசலில் பொங்காலையிடுகிறவள்.

நாகேஸ்வரனுக்கு முப்பது வருட வெப்பவியலில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

பாகீரதி குரவையிட்டு முடித்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள். "போகட்டுமே. காத்து மாறித்து, தீ அந்தப் பக்கம் ஒதுங்கித்து. அங்கே கொதிச்சுத் தள்ளினா நுரை இந்தப் பக்கம்தானே வரும்?"

"அப்போ ஆபரேஷன்?"

"திங்கக்கிழமை. நேத்தே டாக்டருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். பண்ணிண்டா ஆறு மாசம் என்னை அடுப்புப் பக்கம் விடமாட்டேள். அதான் இது கழியட்டும்னேன்."

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நேத்தே பையைக் கட்டிண்டு வாசல்லே நிப்பேள்."

பொன்னம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம் இன்னிக்கு என்னத்தைத்தான் வேண்டிண்டே?"

"நான் உள்ளே கிடக்கறச்சே நீங்க வெளியிலே தைரியமா உக்காந்திருக்கணும்னு."

நாகேஸ்வரன் வாசற்படியில் உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு நன்றாக வந்தது. தெருவெங்கும் வெல்லம் மணத்தது. அவள் தேங்காய்த் துருவலைப் போட்டு நிதானமாகக் கிளறிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடம் பொறுத்தார்.

"பாகீ, நிஜமாவே காத்துதானே?" என்று கேட்டார்.