இரண்டாவது ரெஸ்யூம்

"அறுநூறு ரெஸ்யூம் வந்துச்சு. கூப்பிட்டது ஆறே பேரைத்தான். அதுல உங்களோடது முதல்" என்றார் மேனேஜர் மேடம்.

எதிரே இருந்த புரோகிராமருக்கு நாற்பது வயதிருக்கும். வேலை போய்ப் பதினோரு மாதம். இருந்தும் எல்லாக் கேள்விக்கும் பதறாமல் பதில் சொன்னார்.

"எப்போ சேர முடியும்?"

அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மேடம், இது ஒரு பொண்ணோட ரெஸ்யூம். இவங்களும் இதே வேலைக்கு எழுதியிருக்காங்க. மேலேயே உங்க கம்பெனி பேர் இருக்கு. ஆனா உங்க கண்ணுல பட்டிருக்காது."

"ஏன்?"

"கட்டம் கட்டமா அழகா பண்ணியிருக்காங்க. ரெஸ்யூமை வடிகட்டுற சாஃப்ட்வேருக்கு அது புரியாது. தள்ளிவிட்டிருக்கும்."

மேடத்தின் பக்கத்தில் இருந்த டீம் லீடர் முகம் சுளித்தார். "யாரு, உங்க மனைவியா?"

"இல்ல சார்."

"தங்கச்சி?"

"இல்ல சார். இவங்க எழுதின புரோகிராமுக்கு இதுல லிங்க் இருக்கு. படிச்சுப் பார்த்தேன். எனக்கு அப்படி எழுத வராது."

"இருக்கிறது ஒரே வேலை. தெரியும்ல?"

"தெரியும் மேடம்" என்று எழுந்து போய்விட்டார்.

"தனக்கு மிஞ்சித்தானே தானம்?" டீம் லீடர் சிரித்தார். "ஏதோ உறவு இருக்கு, மறைக்கிறார். ரெண்டு பேரையும் கழிச்சுடலாம் மேடம்."

மேடம் கம்ப்யூட்டரில் தேடினார். தள்ளப்பட்டவர்கள் பட்டியலின் அடியில் அந்தப் பெண்ணின் பெயர் கிடந்தது.

"எதுக்கும் கூப்பிட்டுப் பார்ப்போம்."

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். டீம் லீடர் வேண்டுமென்றே, தன் ஆட்கள் மூன்று வாரமாக மல்லுக்கட்டும் கோளாறையே அவளுக்குப் பரீட்சையாக வைத்தார்.

கொஞ்ச நேரம் அவள் கீபோர்டையே தொடவில்லை. வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி ஏதோ கிறுக்கினாள். பிறகு நாலே வரியை மாற்றினாள்.

புரோகிராம் ஓடியது!

டீம் லீடர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். "நாலு வரியா... நாலே வரியா!" என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை அவளுக்கே. கிளம்பும்போது மேடம் சொன்னார்: "உங்களுக்காகப் பேசினாரே, அவருக்கு முதல்ல நன்றி சொல்லுங்க."

"யாரு மேடம்?"

பெயரைச் சொன்னார் மேடம்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே?"

டீம் லீடர் அந்தக் காகிதத்தை நீட்டினார். "அப்போ இதை அவர்கிட்ட யாரு கொடுத்தது?"

வாங்கிப் பார்த்தவள் திகைத்தாள்.

"ஐயோ, இது ஜெராக்ஸ் கடை மெஷின்லயே நான் மறந்துவிட்டுட்டு வந்தது! எனக்கு அடுத்து ஒருத்தர், அவரோட ரெஸ்யூமை பிரிண்ட் எடுக்க நின்னுட்டிருந்தார்... அவர்கிட்ட நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே மேடம்!"