முழு நிமிடம்

“இதய நோயாளிக்குக் கொடுக்கிற டிஜாக்ஸின் விஷமாயிடுச்சுன்னு எதை வெச்சுக் கண்டுபிடிப்பே? வாயைத் திற. பூட்டா போட்டிருக்கு?”

டியூட்டரம்மா கேட்டது கடைசி பெஞ்சில் எழுந்து நின்ற ஆமையை.

ஆமை என்பது அவரே வைத்த பெயர். முப்பத்தெட்டு வயது. பதினோரு வருடம் வார்டு ஆயாவாகப் பெட்பேன் கழுவிவிட்டு, நானும் நர்ஸ் ஆகிறேன் என்று வந்து உட்கார்ந்தவள். இரண்டு தடவை பரீட்சை எழுதி இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வியவள். மூன்றுக்கு மேல் வாய்ப்பில்லை.

அந்த மூன்றாவதற்கான படிவம் டியூட்டரம்மாவின் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அவரா போடுவார்?

“படிவமா இது? எந்த ட்ரங்குப் பெட்டிக்கு அடியில போட்டு வெச்சிருந்தே? மஞ்சளேறிக் கிடக்கு.”

ஆமை படிவத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“யூனிஃபார்ம் மட்டும் என்ன வாழுதாம்? வெள்ளைத் துணியை வெள்ளையாத் துவைக்க ஒருத்திக்காவது தெரியுதா?”

நடு பெஞ்சில் ஒருத்தி, காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்கு நாளாகவே டியூட்டரம்மாவுக்கு யாரைக் கண்டாலும் ஆகவில்லை. கேன்டீன்காரன் எதையோ போட்டு வயிற்றைக் கெடுத்துவிட்டான் என்று முதல் நாள் முழுக்க அவனுக்கு அர்ச்சனை. வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. தட்டைப் பார்த்தாலே குமட்டியது. இந்த மண்டூகங்களின் முகத்தில் விழித்தால் பசி எங்கே எடுக்கும் என்று அதையும் வகுப்பின் தலையிலேயே கட்டினார்.

“கேட்டது காதுல விழுந்துச்சா?”

“பசிக்காது, மேடம்,” என்றாள் ஆமை. நிறுத்தினாள். “குமட்டும்.” மறுபடி நிறுத்தினாள். “வயிறு போய் உடம்புல பொட்டாசியம் குறைஞ்சிருந்தா, வழக்கமா போடுற அளவே விஷமாயிடும். நாடி கொறையும். அப்புறம்...”

“ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்கிற பஸ்கூட உனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடும்டி.”

வகுப்பு சிரித்தது.

அவள் நாடி பார்க்கிற லட்சணமும் இதேதான். மற்றவர்கள் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். இவள் மட்டும் ஒரு முழு நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கைரேகை பார்ப்பவள் மாதிரி. டிஜாக்ஸின் கொடுக்குமுன் முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவர் டியூட்டரம்மாதான். அதற்காக, எழுதிப் போட்டதை எவளாவது அப்படியே செய்துகொண்டிருப்பாளா?

சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. அவர் கைப்பையைத் திறந்தார். தினமும் இந்நேரத்துக்குப் போடுகிற சின்ன மாத்திரையை அட்டையிலிருந்து உள்ளங்கையில் பிதுக்கிக்கொண்டார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார்.

“இன்னும் ஒரு அடையாளம் பாக்கி. அதைச் சொல்லிட்டுப் படிவத்தை வாங்கிக்கோ. தெரியலேன்னா பழைய வேலைக்கே போ. பெட்பேனாவது உன்னைத் தேடும்.”

ஆமை பெஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள். மாத்திரை இருந்த கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கையை விடு. என்ன தைரியம் உனக்கு?”

விடவில்லை.

டியூட்டரம்மா மின்னல் என்று மெச்சும் முன் பெஞ்சுக்காரி நல்ல பெயர் வாங்கும் நேரத்தைக் கோட்டை விடுவாளா? ஓடி வந்து மறு கையைப் பிடித்து வாட்சைப் பார்த்தாள்.

“பதினேழு. நாலால பெருக்கினா அறுபத்தெட்டு. நல்லாத்தானே இருக்கு, மேடம்.”

“பாத்தியா? புத்தி இருக்கிறவ எண்ணி முடிச்சுட்டா.”

ஆமையின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் நின்றன. நெடுநேரம் நின்றன. பிறகு ஒன்று. மறுபடி நின்றன. வகுப்பே எழுந்து எட்டிப் பார்த்தது. டியூட்டரம்மாவும் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாப்பத்தாறு.”

“அறுபதுக்குக் கீழ இருந்தா?” டியூட்டரம்மாவுக்குப் பதினெட்டு வருடம் பாடம் எடுத்த பழக்கம். கேள்வி தானாக வந்துவிட்டது.

“மாத்திரை கொடுக்கக் கூடாது, மேடம். டாக்டருக்குச் சொல்லணும்.”

அவர் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டாள். மேசையில் கவிழ்ந்து கிடந்த அட்டையைத் திருப்பிப் போட்டாள். கரும்பலகையில் இருந்த அதே பெயர், டிஜாக்ஸின். பிறகு மின்னலைப் பார்த்து, “ஓடு,” என்றாள். மின்னல் ஓடினாள்.

டியூட்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். எதிரே முப்பது யூனிஃபார்ம். மேசையில் படிவம்.

“பாக்கி அடையாளம் ஒண்ணு இருந்துச்சே,” என்றார். குரலில் அந்தக் கத்தி இல்லை. “இந்தத் தாள் என்ன நிறம்?”

ஆமை படிவத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

“வெள்ளை, மேடம். அது மஞ்சளாத் தெரியுறதுதான் அந்த அடையாளம்.”

அவர் தடவித் தடவிப் பேனாவைத் தேடி எடுத்தார். அந்த மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட்டார்.

“இதைச் சொல்ல இவ்வளவு நேரமாடி?”